ஃபெயில் ஆன இடத்தைக் காட்டுங்கள்

சென்னையில் மின்சாதனங்களைச் சோதிக்கும் ஆய்வகப் பொறியாளர்களுக்கும், சான்றளிக்கும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டில், என்னையும் சேர்த்து ஒன்பது பேர், மோட்டார் வைத்த தேங்காய் துருவி செய்கிறோம். சமையல் மேடையில் வைத்து, தேங்காய் மூடியைக் கையில் பிடித்து, சுழலும் பிளேடில் அழுத்தித் துருவுகிற சாதனம். கல்யாண மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் பெரிய மெஷின் எப்போதோ வந்துவிட்டது. வீட்டுக்கென்று, முட்டி வலியால் தரையில் அருவாமனை போட்டு உட்கார முடியாத அம்மாக்கள் பயமில்லாமல் தொடக்கூடியதாக ஒன்று வேண்டும் என்று நாலு வருடம் உழைத்தோம். அது பாதுகாப்புச் சோதனையில் மூன்று முறை தோற்று, நாலாவது முறைதான் தேறியது. அதில் பட்டதும் கற்றதும் இந்த மடலில் இருக்கிறது.

சோதனையைத் தளர்த்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. தொழில் செய்வோர் கூடும் இடங்களில் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. குறு நிறுவனங்களுக்கு முழு விலக்கு கொடுங்கள் என்பார்கள். அவர்களோடு நான் ஒருநாளும் கை தூக்கியதில்லை. 1998 ஐப்பசியில், கொரட்டூரில் நாங்கள் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில், என் சித்தி கிரைண்டரில் கை வைத்தபடியே இறந்துபோனார். தரையெல்லாம் ஈரம். கிரைண்டரின் உடம்பு இரும்பு. உள்ளே மோட்டார் காயிலின் காப்பு, அதாவது மின்சாரத்தை வெளியே விடாத பூச்சு, நைந்து காயில் கம்பி உடம்பைத் தொட்டிருந்தது. எர்த் சரியாக இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், சித்தி பிழைத்திருப்பார். வீட்டுச் சுவரில் இருந்தது இரண்டு ஓட்டைப் பாயிண்ட் என்பதால் பிளக்கின் மூன்றாவது பின்னை யாரோ ஒடித்துவிட்டிருந்தார்கள். சித்திக்கு வயது 34. உளுந்து பாதி அரைந்திருந்தது.

நான் எலக்ட்ரிகல் படிக்கப் போனதே அதற்குப் பிறகுதான். தரமணி பெண்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தேன். பிறகு மோட்டார் ரீவைண்டிங், பிறகு ஜாப் வொர்க், கடைசியில் சொந்தமாக இந்த ஷெட்.

ஆகவே துருவியை வரைய உட்கார்ந்தபோது, மூன்றாவது பின்னை நம்பாத சாதனமாக அது இருக்க வேண்டும் என்பதுதான் முதல் முடிவு. உங்களுக்கு இது பாலபாடம். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மின்சாதனங்களில் எர்த் வயரை நம்பிச் செய்வது ஒரு வகை. எர்த்தே இல்லாமல், மின்சாரம் ஓடும் பாகத்துக்கும் நம் கை படும் பாகத்துக்கும் நடுவே காப்புக்கு மேல் காப்பாக இரண்டு அடுக்கு வைப்பது இன்னொரு வகை. லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் அது இரண்டாவது வகை. முதல் அடுக்கு போனாலும் இரண்டாவது அடுக்கு ஆளைக் காப்பாற்ற வேண்டும். என் துருவியில் மோட்டாரின் தண்டு வெளியே வந்து பிளேடைத் தாங்குகிறது. பிளேடைத் தேங்காய்ப்பால் ஈரத்தோடு கை தொடும். அதனால் தண்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே புஷ் என்கிற குழாய்போன்ற பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டோம். எல்லாப் பிரச்சினையும் அந்தப் புஷ்ஷில்தான் வந்தது.

உங்கள் சோதனைகள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. வீட்டு மின்சாதனப் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 302 தரநிலையை வரி வரியாகப் படித்திருக்கிறேன். விரலைப் போலவே மூட்டு வைத்து மடங்கும் ஒரு சோதனை விரலை ஓட்டையிலும் இடுக்கிலும் விட்டுப் பார்க்கிறீர்கள். ஸ்பிரிங் சுத்தியலால் உறையைத் தட்டுகிறீர்கள். எங்கள் துருவி மூன்றரைக் கிலோ. அந்த எடைக்கு ஒயரை 60 நியூட்டன், அதாவது சுமார் 6 கிலோ கனத்துக்குச் சமமான விசையில், 25 முறை இழுக்க வேண்டும். எங்கள் வீட்டில் சுவிட்சை அணைக்காமல் ஒயரைப் பிடித்து இழுக்காதவர் யார்? பிளேடு சிக்கி மோட்டார் நின்றுபோனால் தீ கிளம்புகிறதா என்று பார்க்கிறீர்கள். பிறகு 93 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்தவுடன் காப்பின் மேல் உயர் அழுத்த மின்சாரத்தை ஏற்றுகிறீர்கள். எங்கள் வகைச் சாதனத்துக்கு அது 3,000 வோல்ட், ஒரு நிமிடம்.

அந்த 93 சதவீதத்தைப் பெரிய ஆலைக்காரர்கள் ஆய்வகக் கற்பனை என்று பேசக் கேட்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையின் எந்த அடுக்களையிலும் நின்று பார்த்தால் தெரியும், உப்பு ஜாடி கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. ஷெட்டுக்குள் முழங்கால் அளவு. வடிந்தபின் மோட்டார்களைக் கழுவி, காயவைத்து, காப்பின் வலுவை அளக்கும் மெக்கர் கருவி போட்டுப் பார்த்தபோது, ஈரம் காப்பை என்ன செய்யும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். என்னைக் கேட்டால் சில இடங்களில் தரநிலை இன்னும் கடுமையாகவே இருக்கலாம். சூடேற்றச் சோதனையில் குறித்த வோல்ட்டேஜில் 6 சதவீதம் ஏற்றியும் இறக்கியும் பார்க்கிறீர்கள். 230க்கு அது 216 முதல் 244 வரை. எங்கள் தெருவில் மே மாத இரவில் 190க்கு இறங்குகிறது. நாங்கள் எங்கள் துருவியை 180இலும் ஓட்டிப் பார்க்கிறோம்.

இனி என் குறைக்கு வருகிறேன்.

முதல் சாம்பிளை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இது அவர்கள் மேல் புகார் எழுதும் மடல் இல்லை. ஏழு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. பல பக்கங்கள். எல்லா வரிசையிலும் "பொருந்துகிறது", ஒரே ஒரு வரிசையில், ஈரத்துக்குப் பிந்தைய உயர் அழுத்தச் சோதனையில், "பொருந்தவில்லை". அவ்வளவுதான். எத்தனை வோல்ட்டில் காப்பு முறிந்தது, எத்தனையாவது நொடியில், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே என்று எதுவும் இல்லை. புகைப்படம் இல்லை. சாம்பிள் தனித்தனிப் பாகமாகக் கழற்றி ஒரு பையில் வந்தது. எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. போன் செய்தேன். "மேடம், நாங்கள் ஆலோசனை சொல்லக்கூடாது, அது விதி" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே சந்தேகம் வைண்டிங் வார்னிஷ், அதாவது காயில் கம்பிச் சுற்றின் மேல் ஏற்றும் காப்புப் பூச்சு. மோட்டார்களை இரண்டு முறை வார்னிஷில் முக்கி, சூளையில் வைத்து, புது சாம்பிள் செய்தோம். மறுபடி கட்டணம், மறுபடி ஜி.எஸ்.டி., மறுபடி காத்திருப்பு. மறுபடி அதே வரிசையில் அதே சொல்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்த வாரத்தில் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. "சோதனைக்கு மட்டும் வெளிநாட்டு மோட்டார் போட்டு ஒரு பீஸ் செய்யுங்கள், பாஸ் ஆகிவிடும், சந்தைக்கு உங்கள் மோட்டாரே போகட்டும், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்" என்றார். காகித வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. வங்கித் தவணை நிற்கிறது, எட்டுப் பேர் சம்பளம் நிற்கிறது. அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் சரி என்று சொல்லிவிடுவார் என்பதை அன்று புரிந்துகொண்டேன். தன் சாதனம் எங்கே தோற்றது என்று தெரியாதவருக்கு அந்த ஆள் ஒருவர்தான் வழி சொல்லக் கிடைக்கிறார். நீங்கள் பேசாமல் விடும் இடத்தில் அவர் பேசுகிறார். அவர் காட்டும் வழியில் போகும் சாதனம் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. அந்த வீட்டில் ஒரு சித்தி இருக்கிறாள்.

மூன்றாவது முறை வேறோர் ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே என் மகள் வயதுடைய ஒரு பொறியாளர், சாம்பிளை வாங்கும்போதே, "அம்மா, உயர் அழுத்தச் சோதனை அன்றைக்கு நீங்களும் வந்து நிற்கலாம்" என்றார். போனேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்றேன். ஈர அறையிலிருந்து எடுத்து, கம்பி கொடுத்து, வோல்ட்டேஜை மெல்ல ஏற்றினார். 2,200ஐத் தாண்டியதும் "டிக்" என்று ஒரு சத்தம், கருவி தானாக அணைந்தது. அவர் சாம்பிளை அவசரப்பட்டுப் பிரிக்கவில்லை. படம் எடுத்தார். பிறகு ஒவ்வொரு திருகாகக் கழற்றி, புஷ்ஷை உருவி, விளக்கடியில் பிடித்துக் காட்டினார். வெள்ளைப் புஷ்ஷின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த தடம்போல் மெல்லிய ஒரு கருங்கோடு.

காயில் முழுக்க நன்றாக இருந்தது. இரண்டு தவறுகளும் புஷ்ஷில். ஒன்று, நாங்கள் போட்டது நைலான். நைலான் ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் காப்புத் திறன் இறங்கும். இரண்டு, லாக் ரிங் உட்கார நான் வெட்டிய பள்ளத்தால் புஷ்ஷின் விளிம்பு குட்டையாகி, மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து தண்டைத் தொட 3 மில்லிமீட்டர் தூரமே மிஞ்சியிருந்தது. ஈரமும் அழுக்கும் படியும் இடத்தில், எங்கள் பிளாஸ்டிக் வகைக்கு, இரட்டிப்புக் காப்புக்கு வேண்டியது 8 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தை வரைபடத்தில் பள்ளத்தைக் கணக்கில் எடுக்காமல் அளந்திருந்தேன். மின்சாரம் நேராகப் போகாது, ஈரம் இருக்கும் பரப்பின் மேல் ஊர்ந்து போகும் என்பது பாடமாகத் தெரியும். என் கையால் வெட்டிய பள்ளத்தில் அதை நான் பார்க்கவில்லை. அந்தக் கருங்கோட்டைப் பார்த்தபின் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். ஈரம் குடிக்காத பிளாஸ்டிக்குக்கு மாறினோம், புஷ்ஷுக்கு ஒரு காலர் வைத்து நீட்டினோம். அடுத்த சாம்பிள் தேறியது. பத்து நிமிடம் அவர் காட்டியதுதான் அத்தனைக்கும் காரணம்.

அந்தப் பொறியாளர் விதியை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். "இந்தப் பிளாஸ்டிக்கைப் போடுங்கள், இத்தனை மில்லிமீட்டர் வையுங்கள்" என்று அவர் சொல்லவே இல்லை. தோற்ற இடத்தைக் காட்டினார், தரநிலையின் எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்றார். மற்றதை நாங்கள் படித்துக் கண்டுபிடித்தோம். ஆய்வகங்கள் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநிலையின் 2017 பதிப்பைப் பிறகு தேடிப் படித்தேன். வாடிக்கையாளரோடு ஒத்துழையுங்கள் என்கிறது அது. அவருடைய பொருளின் சோதனையை அவர் நேரில் பார்க்க அனுமதிப்பதையும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ரிப்போர்ட்டில் கருத்தும் விளக்கமும் எழுதலாம், தகுதியுள்ளவர் எழுதி, எதன் அடிப்படையில் என்று பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. நடுநிலை தவறக்கூடாது என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் நடுநிலை என்பதை வாய் திறக்காமல் இருப்பது என்று நம் ஊரில் பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பரீட்சைத் தாளைத் திருத்திய ஆசிரியர் தவறான விடையைச் சுழித்துக் காட்டுவதால் அவர் காப்பியடிக்க உதவினார் என்று ஆகாது.

அரசு எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். இந்தியத் தரநிலைகளை இன்று அவற்றை வெளியிடும் பி.ஐ.எஸ். அமைப்பின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். முத்திரைக்கான ஆண்டுக் குறைந்தபட்சக் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதச் சலுகை இருக்கிறது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் எங்களைச் சாய்ப்பது முத்திரைக் கட்டணம் இல்லை. காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி தோற்பதுதான் சாய்க்கிறது. என் கணக்கில், இரண்டாவது தோல்விக்கு நான் கொடுத்த விலையில் புது புஷ்ஷுக்கான டையையே, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சையே, வெட்டியிருக்கலாம்.

டை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அம்பத்தூரில் மோல்டிங் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டையில் இரும்பைக் குடைந்து எடுப்பது சுலபம். குடைந்ததை மறுபடி நிரப்புவது பெரும்பாடு, வெல்டிங் அடித்து மறுபடி கடைய வேண்டும், அப்படியும் பழைய பதம் வராது. அதாவது பிளாஸ்டிக் சுவரைக் கொஞ்சம் தடிமனாக்கலாம், மெலிதாக்க முடியாது. ஓட்டை இருக்கும் இடத்தை நகர்த்துவது கிட்டத்தட்ட புது டை. ஒரு புதுச் சாதனம் உங்களிடம் வரும்போது டை வெட்டி முடிந்திருக்கும், கடன் வாங்கி முடிந்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் "பொருந்தவில்லை" எங்களுக்கு இடிபோல் இறங்குகிறது. அதையே ஆறு மாதம் முன்னால், மரத்திலும் அட்டையிலும் முப்பரிமாண அச்சிலும் செய்த மாதிரியைப் பார்த்து யாராவது சொல்லியிருந்தால், ஒரு பென்சில் கோட்டை அழித்து வரைந்திருப்போம்.

சென்னைக்கு இதில் வேறு பல ஊர்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. தரமணி, திருவான்மியூர், கிண்டி என்று பஸ்ஸில் போகும் தூரத்தில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. கருவிகள் இருக்கின்றன, இருபது முப்பது வருடம் சோதித்த கைகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள், கதவைத் திறந்து வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். டை வெட்டும் முன்னால் இருக்கும் அரைகுறை மாதிரியை எடுத்துக்கொண்டு குறு நிறுவனக்காரர்கள் வரட்டும். சான்று கேட்க மாட்டோம், கட்டணம் வைத்தால் கட்டுவோம். அந்தச் சோதனை விரலை ஒருமுறை உள்ளே விட்டுப் பாருங்கள், ஒயர் கவ்வியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், எந்தப் பிரிவைப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை பார்த்தவர் அந்தப் பொருளுக்கான இறுதிச் சோதனையில் இருக்க வேண்டாம்; அப்படிப் பிரித்துவிட்டால் நடுநிலைக்கும் பழுதில்லை.

ஃபெயில் ஆன சாம்பிளுக்கு ஒரு பக்கம் கூடுதலாகக் கொடுங்கள். முறிந்த வோல்ட்டேஜ், நேரம், இடம், இரண்டு புகைப்படம். அளவுகளை எப்படியும் உங்கள் பதிவேட்டில் குறிக்கத்தானே செய்கிறீர்கள். அந்தச் சாம்பிளைத் தோற்ற நிலையிலேயே, உரிமையாளர் முன்னால் பிரியுங்கள். வெளியூர்க்காரர் வர முடியாது என்றால் செல்போனில் படம் பிடித்து அனுப்புங்கள்.

அடுத்தது மொழி. இதை நான் ஏதோ உணர்ச்சியில் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஷெட்டில் வைண்டிங் போடும் தங்கச்சி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். அவள் கைத்திறமைக்கு நிகரான கை நான் பார்த்ததில்லை. நாங்கள் படிக்க வேண்டிய தரநிலை ஆங்கிலத்தில், அதுவும் ஒரு வாக்கியத்துக்குள் நாலு நிபந்தனை அடுக்கிய ஆங்கிலத்தில் இருக்கிறது. புஷ் விஷயம் நடந்தபின் "ஊர்வுத் தூரம்" என்று நானே ஒரு சொல் வைத்து, படம் வரைந்து, சுவரில் ஒட்டினேன். இரண்டே நாளில் அவள் ஒரு கனெக்டரைக் கொண்டுவந்து, "அக்கா, இதில் ஊர்வுத் தூரம் குறையுதே" என்றாள். நான் கவனிக்காதது. முழுத் தரநிலையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அடிக்கடி தோற்கும் பத்துப் பன்னிரண்டு சோதனைகளைப் படத்தோடு தமிழில் விளக்கும் ஒரு சின்னக் கையேடு போதும். எங்கெங்கே அதிகம் தோற்கிறார்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

1947இல் ஐ.எஸ்.ஐ. என்ற இந்தியத் தரநிலை நிறுவனமாகத் தொடங்கி, 1987இல் பி.ஐ.எஸ். என்று பெயர் மாறியபிறகும், மக்கள் இன்றும் "ஐ.எஸ்.ஐ. இருக்கா?" என்றுதான் கடையில் கேட்கிறார்கள். என் அம்மா கேட்பார். சித்தி போனபிறகு அம்மா முத்திரை பார்க்காமல் ஒரு பிளக் கூட வாங்கியதில்லை. அந்த நம்பிக்கை நீங்கள் சம்பாதித்தது. மத்திய அரசின் 2003 ஆணையில் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் ராடு போன்றவற்றுக்கு முத்திரை கட்டாயமானது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குக் கட்டாயம் வந்தது. ஒவ்வொரு வகையாக இன்னும் பல வரும். வரட்டும். அப்படி வரும்போது உங்கள் வாசலில் என்னைப் போல முதல்முறை வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், பலர் பெண்கள், பலர் வங்கிக் கடனோடு. அவர்களில் எத்தனை பேர் தங்கள் சாதனத்தின் கருங்கோட்டைக் கண்ணால் பார்க்கப்போகிறார்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் அடுத்த மாதிரி அரிசி மாவு சலிக்கும் சாதனம். இன்னும் டை வெட்டவில்லை. உறை முப்பரிமாண அச்சில்தான் இருக்கிறது, ஒயர் கவ்வி எனக்கே திருப்தியாக இல்லை. எந்தச் சனிக்கிழமை என்று சொன்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன். தங்கச்சியையும் கூட்டிவருவேன், அவளிடம் உங்களுக்குக் கேட்க ஒரு நோட்டு நிறையக் கேள்விகள் இருக்கின்றன.

மரியாதையுடன்,
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு குறு நிறுவன உரிமையாளர்